கையில் இருந்த சாமி

அத்தியாயம் 14

சாமுண்டீஸ்வரிக்குப் படிக்க வந்துவிட்டது. இனி மரக்காணத்தில் ஒரு சுவருக்கும் நிம்மதி கிடையாது.

போன வாரம் நடந்ததை மறந்துபோனவர்களுக்காக ஒரு வார்த்தை. உப்பளத்து வேலையிலேயே பாதி ஆயுளைக் கழித்துவிட்ட இந்தப் பெண்மணி, புருஷன் சகாதேவன் "வேணாம்மா, விட்டுடு" என்று கெஞ்சியதையும், மகள் சத்யப்ரியா "கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?" என்று எரிந்து விழுந்ததையும் காதில் போட்டுக்கொள்ளாமல், மேரிசெல்வி டீச்சரின் சாயங்கால வகுப்புக்குப் போனாள். ஒரு பக்கத்தைத் தட்டுத் தடுமாறி முழுசாக வாசித்து முடித்து, வகுப்பு என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதாள். வீட்டில் ஏன் அப்படித் தடுத்தார்கள் என்பது மட்டும் அவளுக்குப் புரியவில்லை. கைநாட்டு அம்மா வகுப்புக்குப் போவது மகளுக்கு வெட்கமாக இருக்கிறது போல என்று நினைத்து, அதையும் விழுங்கிக்கொண்டாள்.

அழுகை அன்றோடு போயிற்று. அதற்குப் பிறகு பிடித்தது பைத்தியம்.

பல்பொடி டப்பாவைப் படித்தாள். ஷாம்பு பாக்கெட்டைப் படித்தாள். மளிகை சுற்றிவந்த பழைய பேப்பரைக் கசங்கல் நீவிப் படித்தாள். சகாதேவன் பீடிக்கட்டைக் கையில் எடுத்தால் போதும், மேலே போட்டிருக்கும் எச்சரிக்கையை முழுசாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் தீப்பெட்டியைக் கொடுத்தாள். பாவம் மனிதர், புகைப்பதையே குறைத்துக்கொண்டார்.

இன்று மாசி மகம். மறுநாள் காலை அளத்தில் முதல் உப்பு வாருகிற பூஜை. பூவும் வளையலும் வாங்குவதற்காகக் காலனிப் பெண்கள் நிஜாமுதீன் பாயின் ஷேர் ஆட்டோவில் ஏறினார்கள். சாமுண்டி ஓரத்து இடத்துக்குச் சண்டை போட்டு உட்கார்ந்தாள். வெளியே தெரிந்தால்தானே படிக்க முடியும்?

"ஜான்சி... லேடீஸ்... டைலர்."

"சரி" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"இங்கு... சுத்தமான... நாட்டுக்கோழி..."

"சரிடி."

"இங்கு நோட்டீஸ்... ஒட்டா... ஒட்டாதீர்." அதைப் படித்து முடித்ததும் அதன் மேலேயே ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் கண்ணில் பட்டது. "ஏய், ஒட்டாதன்னு எழுதியிருக்குதுடி! அது மேலயே ஒட்டி வெச்சிருக்கான்! அப்ப படிச்சவனும் படிக்க மாட்டான் போல!"

"அல்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்த ராத்திரியில கொட புடிப்பானாம்" என்றாள் எதிர் சீட்டில் இருந்த பூங்குழலி. வண்டியே சிரித்தது.

பூங்குழலி யார் என்று சொல்லிவிடுகிறேன். சாமுண்டிக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சிநேகிதி. இரண்டு பேரும் ஒரே பாத்தியில் உப்பு வாரியவர்கள், ஒரே வருஷம் வாழ்க்கைப்பட்டவர்கள். வகுப்புக்குக் கூப்பிட்டபோது "எனக்கு இருக்கிற அறிவே வைக்க எடமில்ல" என்று சொல்லிவிட்டாள். ஆனாலும் சிநேகிதி படிப்பதில் அவளுக்குள் ஒரு பெருமை இருந்தது. இல்லாவிட்டால் ஆட்டோவில் இருந்த எல்லாரையும் "சும்மா இருங்கடி, அவ படிக்கட்டும்" என்று அதட்டியிருப்பாளா?

பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் ஒரு மஞ்சள் சுவர் வந்தது. மேலே வரிசையாகச் சாமி படங்கள், கீழே பெரிய எழுத்து. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்வது இந்தப் பெண்களின் வழக்கம். இன்றும் எல்லாருடைய கையும் கன்னத்துக்குப் போயிற்று.

"இங்கே... சிறு... சிறுநீர்..." சாமுண்டி படிக்க ஆரம்பித்தவள் சிரிப்பை அடக்க முடியாமல் முன்னால் சாய்ந்துவிட்டாள். "அய்யோ, இத்தினி நாளா இதுக்காடி நாம கன்னத்துல போட்டுகினோம்?"

சிரித்துச் சிரித்து எல்லாருக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாகத்தான் பூங்குழலி தன் வலது கையை நீட்டினாள்.

"கண்ட சுவரையும் படிக்கிறியே, நம்ம அம்மன் பேரப் படிடி பாக்கலாம்!"

அந்தக் கையில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். காலனியில் சாமுண்டியின் வயசுக்காரிகள் எல்லாருக்கும் வலது முன்கையில் ஒரு பச்சை உண்டு. சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது குத்தியது. அளத்து முதலாளி வரதப்பன் ஒரு முதல் உப்பு நாளில் பச்சை குத்துகிறவளை வரவழைத்தார். ஆளுக்கு ஒரு பாவாடையும் ஒரு லட்டும் கொடுத்து, குடை பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். "கெங்கையம்மா பேரு. கடலும் தீண்டாது, காத்தும் தீண்டாது" என்றார். ஆண் பிள்ளைகள் ஊசியைப் பார்த்து ஓடிவிட்டார்கள். மாட்டியது பெண் பிள்ளைகள்.

அன்று காலனியில் எழுத்துத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அளத்தில் தெரிந்த ஒரே ஆள் மேஸ்திரி. அவர் முதலாளியை மீறி வாய் திறப்பாரா?

அன்றிலிருந்து அந்தப் பச்சையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் எந்தப் பெண்ணும் அளத்தில் கால் வைத்ததில்லை. பிரசவ வலியில் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். புயல் எச்சரிக்கை வந்தால் அதன் மேல் மஞ்சள் பூசினார்கள். எழுத்து வந்த பிறகு சாமுண்டி தன் கையை ஒருமுறை உற்றுப் பார்த்ததுண்டு. அது அவளுக்குத் தலைகீழாக இருந்தது. சாமி எழுத்து வேறு மாதிரி இருக்கும் என்று கும்பிட்டுவிட்டு விட்டுவிட்டாள்.

ஆனால் பூங்குழலியின் கை எதிர் சீட்டிலிருந்து நீண்டிருந்தது. எழுத்து நேராகத் தெரிந்தது. எதிரே நிற்பவர் படிப்பதற்காகவே எழுதியது அது.

கெங்கையம்மாவுக்கு முதலில் ஒரு கொம்பு வர வேண்டும் என்று தேடினாள். கொம்பு இல்லை. வ. அப்புறம் ர. அப்புறம் த. சாமுண்டியின் உதடு மட்டும் அசைந்தது. வரதப்பன். கொஞ்சம் இடம் விட்டு இன்னும் ஒரு சின்ன வார்த்தை இருந்தது.

ஆள்.

வரதப்பன் ஆள்.

இன்னொரு தடவை படித்தாள். மேரிசெல்வி டீச்சர் சொன்னபடி எழுத்துக் கூட்டிப் படித்தாள். மாறவில்லை. பக்கத்தில் இருந்தவளின் கையைப் பார்த்தாள். அதிலும் அதே எழுத்து.

"இன்னாடி, தெரியலியா?" என்றாள் பூங்குழலி.

சிரிப்பு அடங்கி எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் இருந்த கண்ணாடியில் நிஜாமுதீன் பாயின் கண்களும் தெரிந்தன. அவர் சட்டென்று பார்வையை ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டார்.

"மங்கிப் போச்சிடி" என்றாள் சாமுண்டி. "எழுத்து சரியாத் தெரியல."

பொய் சொல்லிப் பழகாதவளுக்கு அதற்கு மேல் வரவில்லை. ஆனால் அந்த ஒரு பொய் போதுமானதாக இருந்தது.

"மங்கிடுச்சா?" பூங்குழலி பதறிப்போனாள். "அம்மன் பேரு மங்கலாமாடி? நாளைக்கு வீடியோ வேற எடுக்கிறாங்க!"

வரதப்பன் செத்து நாளாகிறது. இப்போது அளத்தைப் பார்ப்பது அவருடைய பேரன் சித்தார்த்தன். பெங்களூரில் படித்துவிட்டு வந்தவன், எல்லாரையும் வாய் நிறைய 'அக்கா' என்று கூப்பிடுவான். புது உப்பு பாக்கெட்டுக்கு விளம்பரம் எடுக்கப்போகிறானாம். நாளைக்குப் பூஜையில் பெண்கள் பச்சை குத்திய கையில் முதல் உப்பை அள்ளிக் காட்ட வேண்டும், கை நன்றாகத் தெரிய வேண்டும் என்று போன வாரமே சொல்லிவிட்டுப் போயிருந்தான். பூங்குழலிதான் முன்னால் நிற்கப்போகிறவள்.

"கடற்கரையில மெஷின் வெச்சிப் பச்சை குத்துற கடை போட்டிருக்காங்க" என்றாள் ஒருத்தி.

"அப்ப சரி. பூ வாங்கிகினு நேரா அங்கதான். எல்லாரும் புதுசாக் குத்திக்குவோம். பழைய கோட்டு மேலயே கறுப்பா, பளிச்சின்னு."

சாமுண்டி தலைவலி என்று சொல்லி இறங்காமலேயே உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் கடைத்தெருவுக்குள் போனதும் நிஜாமுதீன் பாய் கேட்காமலேயே வண்டியைக் காலனிப் பக்கம் திருப்பினார்.

சத்யப்ரியா வேலை செய்யும் மெடிக்கல் ஷாப்புக்கு இன்று லீவு. தலைக்குக் குளித்துவிட்டு வாசலில் முடி உலர்த்திக்கொண்டிருந்தாள். சகாதேவன் உள்ளே கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். லாரியில் உப்பு மூட்டை ஏற்றுகிறவர், வேலைக்குக் கிளம்புகிற நேரம்.

"சத்யா, இங்க வா."

"இன்னாம்மா, அதுக்குள்ள வந்துட்ட?"

சாமுண்டி வலது கையை நீட்டினாள். "இதப் படி."

மகளின் முகம் போன போக்கைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. அதிர்ச்சியாக இருந்திருந்தால் பரவாயில்லை. அது அதிர்ச்சி இல்லை. என்றைக்காவது வரும் என்று பயந்துகொண்டிருந்தது வந்துவிட்டதே என்கிற முகம் அது.

"உனக்குத் தெரியுமா?"

சத்யப்ரியாவின் பார்வை உள்ளே இருந்த அப்பாவிடம் போயிற்று.

"யோவ், உனக்கும் தெரியுமா?"

சகாதேவன் கஞ்சிக் குண்டானைக் கீழே வைத்தார். அஞ்சாவது வரைக்கும் படித்தவர். வானூர்ப் பக்கத்திலிருந்து பெண் எடுக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர்.

"கல்யாணத்தன்னிக்கே தெரியும்" என்றார். "உன் கையப் புடிச்சி சுத்தி வரச் சொன்னாங்களே, அப்பவே படிச்சிட்டேன். எவனோ ஒருத்தன் பேரு எழுதியிருக்குதேன்னு... தப்பா நெனச்சிட்டேன். கல்யாணமான புதுசுல நான் உன்கூட சரியாப் பேசல, நெனப்பு இருக்குதா? உன் அண்ணிங்க கையிலயும் அதே பேரப் பாத்த பிறகுதான் வெவரம் புரிஞ்சிது."

நினைப்பு இல்லாமலா? அந்த நாட்களில் ஒவ்வொரு ராத்திரியும் தன்னிடம் என்ன குறை என்று அவள் அழுததை யாரிடம் போய்ச் சொல்வது?

"அப்ப ஏன்யா சொல்லல?"

"காலையில அளத்துல எறங்கும்போது அதக் கண்ணுல ஒத்திக்குவ. அதப் பாத்துகினு எப்படிச் சொல்றது?"

ஊரில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இந்த மனிதர் ஒரு மனைவியின் கையையே அவளிடமிருந்து மறைத்து வைத்திருந்தார். அதைப் பாசத்தால் செய்தார் என்பதுதான் இதில் கொடுமை.

"நான் உனக்கு ஏன் சொல்லித் தர மாட்டேன்னு சண்ட போட்டேன்னு நெனக்கிற?" சத்யப்ரியா வெடித்தாள். "எனக்கு எழுத்து வந்த வருஷம், கண்ணுல படுறதெல்லாம் படிச்சிகினே திரிஞ்சேன். நீ எனக்குச் சோறு ஊட்டிகினு இருந்த. உன் கையில இருந்ததப் படிச்சேன். அப்பா ஓடி வந்து என் வாயப் பொத்துனாரு. அன்னிக்கு நான் சோறே சாப்பிடலம்மா. காலனியில படிச்ச புள்ளைங்க எல்லாத்துக்கும் தெரியும். அவங்கவங்க அம்மா கையில படிச்சவங்கதான். யாரும் இதப்பத்தி வாயத் திறக்க மாட்டோம். நீங்களாவது நிம்மதியா இருங்கன்னு..."

"என்னப் பாத்து வெட்கப்படுறன்னு நெனச்சேன்டி."

"உன்னப் பாத்தா? எனக்கு அளத்து ஆபீசுல அந்தக் கெழவன் போட்டோவப் பாத்தா கொல்லணும்போல இருக்கும்மா!"

சாமுண்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணத்துக்கு முன்னால், கூலி அதிகம் என்று அம்மாவோடு வடக்கே ஒரு அளத்துக்கு வேலை கேட்டுப் போனது ஞாபகம் வந்தது. அங்கே இருந்த மேஸ்திரி முதலில் வா என்றார். சாமுண்டியின் கையைப் பார்த்தார். உடனே குரல் மாறி, மோர் கொடுத்து, திரும்பிப் போகச் சொன்னார். "அம்மன் நம்மள அனுப்ப மாட்டேங்கிறா பாத்தியா" என்று அம்மா ரோட்டிலேயே நின்று மகளின் கையைக் கும்பிட்டாள். அப்புறம் வேறு எந்த அளத்துக்கும் அவர்கள் போகவில்லை. எங்கே போனாலும் கையை நீட்டித்தானே வேலை கேட்க வேண்டும்? மாட்டுக்குச் சூடு போடுகிறவன்கூட மாட்டிடம் அது சாமி என்று சொல்வதில்லை.

படிக்காமலே இருந்திருக்கலாம். ஒரு நிமிஷம் அவள் மனசாரவே அப்படி நினைத்தாள். ஒரு வாரமாக எவ்வளவு சந்தோஷம்! டீச்சர் கொடுத்த அந்த எழுத்துக்களை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழைய சாமுண்டியாகவே நாளைக்குப் போய் உப்பு வாரலாம் என்றுகூடத் தோன்றியது. கொடுத்துவிட முடிந்தால் அல்லவா?

போன் அடித்தது. பூங்குழலி.

"எங்கடி இருக்க? தலவலி உட்டுச்சா? கடற்கரைக்கு வந்துட்டோம், ஒரே ஜனம்! சாமிங்க எல்லாம் தீர்த்தவாரிக்கு வந்துகினு இருக்குது. எனக்குத்தான் மொதல்ல குத்தப் போறாங்க. உனக்கும் எடம் போட்டு வெச்சிருக்கேன், சீக்கிரம் வாடி!"

சாமுண்டி எழுந்துவிட்டாள்.

"எங்க போற?" சகாதேவன் வழியில் வந்து நின்றார். "சொல்லாத சாமுண்டி. அவங்க தாங்க மாட்டாங்க. இத்தினி காலம் நிம்மதியா இருந்தாங்க. இருக்கட்டும்."

"அந்தப் பேர அவ காசு குடுத்துப் புதுசாக் குத்திக்கப் போறாய்யா! நான் சொன்ன பொய்யால!"

"சொன்னா உன்னத்தான் திட்டுவா."

"திட்டட்டும்."

சத்யப்ரியா ஈரத்தலையை முடிந்துகொண்டு நின்றாள். வரட்டுமா என்று கேட்க நினைத்தவள், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்பாவின் கையைப் பிடித்து வழியை விட்டு நகர்த்தினாள்.

நிஜாமுதீன் பாய் தெருமுனையிலேயே நின்றிருந்தார். போகவில்லை.

"கடற்கரைக்கு வுடுங்க பாய். சீக்கிரம்."

வண்டி பறந்தது. வழியில் எத்தனையோ போர்டுகள் வந்து போயின. அவள் ஒன்றையும் படிக்கவில்லை.

"உங்களுக்கும் தெரியுமா பாய்?"

"வருஷக்கணக்கா என்கிட்ட காசு நீட்டுற கை அம்மா அது" என்றார். "யா அல்லா, நான் எப்படிச் சொல்லுவேன்?"

கடற்கரை முழுக்கத் தலைகள். மேளமும் நாதஸ்வரமும் காதைப் பிளந்தன. ஊர் ஊராக வந்த சாமிகள் கூரைப் பந்தல்களில் வரிசையாக நின்றன. சாமுண்டி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள். பஞ்சு மிட்டாய்க்காரனை இடித்தாள், பலூன்காரியிடம் திட்டு வாங்கினாள், நிற்கவில்லை.

நீலத் தார்ப்பாய்க்குக் கீழே பூங்குழலி ஸ்டூலில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். குத்துகிறவர் வடக்கத்தியர், தமிழ் எழுத்துத் தெரியாது. பழைய கோட்டின் மேல் கோடு இழுப்பது மட்டும்தான் அவர் வேலை. மெஷின் இரைந்துகொண்டிருந்தது. காலனிப் பெண்கள் சுற்றி நின்று ஊதிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

'வ' ஏற்கெனவே புதுக் கறுப்பில் பளபளத்தது. ஊசி 'ர'வில் இருந்தது.

சாமுண்டி அந்த ஆளின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"நிறுத்துங்க! அண்ணா, நிறுத்துங்க!"

"இன்னாடி இது? யாராவது செத்துட்டாங்களா?"

"அது அம்மன் பேரு இல்லடி."

"இன்னா?"

"கெங்கையம்மா பேரு இல்ல. மங்கவும் இல்ல. காலையிலயே படிச்சிட்டேன். சொல்லப் பயந்துகினு பொய் சொன்னேன்." மூச்சு வாங்கியது. நின்றால் தைரியம் போய்விடும் என்று ஒரே மூச்சில் சொன்னாள். "வரதப்பன் ஆள்னு எழுதியிருக்குது. எல்லார் கையிலயும் அதான். வேற அளத்துக்குப் போனா நம்மளத் திருப்பி அனுப்புறதுக்கு."

ஊதிவிட்டுக்கொண்டிருந்தவர்கள் அவரவர் கையைப் பார்த்தார்கள்.

முதலில் சிரித்தது பூங்குழலிதான். "படிக்கத் தெரிஞ்சா எதையாவது சொல்லுவியா?" என்றாள். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அவள் சிநேகிதியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையிலிருந்து தெரிந்த முகம், அதில் பொய் நிற்காது. மெதுவாக எழுந்தாள்.

"புயலப்போ என் புள்ள கடல்ல மாட்டிகினான், நெனப்பு இருக்குதா? விடியிற வரைக்கும் இந்தக் கையப் புடிச்சிகினு கத்துனேன். நீயும்தான்டி பக்கத்துல உக்காந்திருந்த." குரல் ஏறியது. "அன்னிக்கு நான் யாரடி கும்பிட்டேன்? சொல்லு! அந்தக் கெழவனையா கும்பிட்டேன்?"

தொடப் போன சாமுண்டியின் கையை அவள் தட்டிவிட்டாள்.

"உன்ன யாருடி படிக்கச் சொன்னது? உன் கையப் படிச்சிட்டுப் போக வேண்டியதுதான! என் சாமிய ஏன்டி எடுத்த?"

பளார் என்று ஒரு அறை விழுந்தது. சாமுண்டி வாங்கிக்கொண்டாள். வலித்தது கன்னம் இல்லை.

அப்போதுதான் பின்னால் நின்றவள் ஒருத்தி தயங்கித் தயங்கித் தன் கையை நீட்டினாள். "எனக்கு அடுத்த வருஷம் வேற கெழவிதான் குத்துனா சாமுண்டி. என்னுதப் பாரேன். என்னுதுல அம்மன் பேருதான் இருக்கும்."

சாமுண்டி பார்த்தாள். "வரதப்பன் ஆள்" என்றாள்.

அடுத்தவள் அப்பியிருந்த மருதாணியைப் புடவையில் அழுத்தித் துடைத்துவிட்டு நீட்டினாள். "வரதப்பன் ஆள்." அதற்கடுத்தவள். ஒவ்வொருத்தியும் மற்றவளுக்குத்தான் அப்படி, தன் கையில் மட்டும் வேறு ஏதாவது இருக்கும் என்று நம்பினாள். ஒவ்வொரு கையையும் சாமுண்டி பிடித்து, உற்றுப் பார்த்து, அதே இரண்டு வார்த்தைகளைப் படித்தாள். ஒரு பக்கம் வாசித்து முடித்துவிட்டு அழுதாளே, அது சந்தோஷ அழுகை. இப்போது அழக்கூட முடியவில்லை. கடைசியில் நின்றவள் கையை நீட்டாமல் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அவளை யாரும் வற்புறுத்தவில்லை.

குத்துகிறவர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென விழித்தார். முடிக்கவா என்று சைகையில் கேட்டார். பூங்குழலி வேண்டாம் என்று தலையாட்டினாள். இரண்டு எழுத்து கறுப்பாகவும் மீதி பழைய பச்சையாகவும் இருந்த தன் கையை நெடுநேரம் பார்த்தாள். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். கழுத்தை வளைத்துப் பார்த்தாள்.

பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வலிச்சிதா?" என்று கேட்டாள், சாமுண்டியின் முகத்தைப் பார்க்காமல்.

"இல்ல."

"உக்காரு எதிர்ல. உன் கையக் குடு."

சாமுண்டி மணலில் உட்கார்ந்து கையை நீட்டினாள். பூங்குழலி அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அங்கிருந்து பார்க்க எழுத்து நேராகத் தெரிந்தது. முதல் எழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இது இன்னா?"

"வ."

"வ." ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு தன் கையில் இருந்த கறுப்பு எழுத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணுதான். சரி, அடுத்தது?"

"எதுக்குடி இப்ப?"

"நாளைக்கு அந்தப் பையன் கேமராவ வெச்சிகினு 'அக்கா, கையக் காட்டுங்க'ன்னு வருவான் இல்ல? அவனுக்குத் தெரியுமோ, தெரியாதோ. அவன் முன்னாடி நான் படிப்பேன். நீ படிச்சிச் சொல்லக் கூடாது. என் கையி, நான்தான் படிக்கணும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு விரலை நகர்த்தினாள். "பொழுது போவுது, சொல்லுடி. இது இன்னா எழுத்து?"